படிவத்தில் அட்டவணை: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

இணையப் படிவம் ஒன்றை முதன்முதலாக உருவாக்குபவருக்கு அட்டவணைதான் எளிய வழியாகத் தோன்றும். இடப்பக்கம் 'பெயர்', வலப்பக்கம் ஒரு பெட்டி. அடுத்த வரியில் 'பிறந்த தேதி', அதற்கு ஒரு பெட்டி. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.இல் 'டேபிள்' என்று தொடங்கி இரண்டு நெடுவரிசைகளாக அடுக்கினால் எல்லாம் நேர்க்கோட்டில் நிற்கும். பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்தப் படிவத்துக்கு அட்டவணை தேவையே இல்லை. அங்கே அது தொல்லை மட்டுமே தரும். இன்னொரு பக்கம், 'படிவத்தில் டேபிள் போடவே கூடாது' என்று எங்கோ படித்துவிட்டு, மதிப்பெண் பதிவேடு போன்றவற்றைக்கூடத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே பயனரைத்தான் வதைக்கின்றன.

இதைத் தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி போதும். ஒரு பெட்டியில் என்ன நிரப்ப வேண்டும் என்று புரிய, அதற்கு எத்தனை பெயர்கள் தேவை?

விண்ணப்பப் படிவத்தில் 'பிறந்த தேதி' என்ற ஒரு பெயர் போதும். மதிப்பெண் பதிவேட்டில் 72 என்று ஓர் எண் இருக்கிறது என்றால், அது யாருடைய மதிப்பெண், எந்தப் பாடத்தில் என்று இரண்டும் தெரிந்தால்தான் அதற்குப் பொருள். கிடைவரிசை ஒரு பெயரைத் தருகிறது, நெடுவரிசை இன்னொரு பெயரைத் தருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெட்டி இருக்கிறது. இப்படி இரண்டு பெயர்கள் தேவைப்படும் தகவலுக்கு அட்டவணை வேண்டும். ஒரு பெயரே போதும் என்றால் வேண்டாம்.

இந்தக் குழப்பம் வந்த வழி

1990களின் நடுவில் இணையப் பக்கங்களை வடிவமைத்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நெட்ஸ்கேப் பிரவுசர் 1995இல் அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியது. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.எம்.எல். 3.2 அவற்றை முறைப்படி ஏற்றுக்கொண்டது. தோற்றத்தைக் கட்டுப்படுத்தும் சி.எஸ்.எஸ்.இன் முதல் பதிப்பு 1996 டிசம்பரிலேயே வெளியாகிவிட்டாலும், பிரவுசர்கள் அதை ஒழுங்காகப் பின்பற்றப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை பக்கத்தைப் பத்தி பிரிக்கவும், படங்களை நிறுத்தவும், படிவங்களை வரிசைப்படுத்தவும் எல்லோரும் அட்டவணையையே நம்பினார்கள். 1999 டிசம்பரில் வந்த எச்.டி.எம்.எல். 4.01 விதிமுறை, வெறும் பக்க அமைப்புக்காக அட்டவணையைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னது. பழக்கம் மட்டும் விடவில்லை. இன்று அந்தக் காரணமும் இல்லை: சி.எஸ்.எஸ்.இல் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் 'கிரிட்' வசதி 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றுக்கும் வந்துவிட்டது. பெட்டியின் பெயரைச் சொல்லும் லேபிளும் பெட்டியும் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக அட்டவணையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரு பெயர் போதும் என்ற இடத்தில் அட்டவணை என்ன கெடுக்கிறது?

முதலில் பார்வையற்ற பயனரை எடுத்துக்கொள்வோம். அவர் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் மென்பொருள் மூலம் பக்கத்தைக் காதால் கேட்கிறார். அட்டவணையின் ஒரு கட்டத்தில் 'கைபேசி எண்' என்ற எழுத்து, பக்கத்துக் கட்டத்தில் பெட்டி. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் அருகருகே இருப்பதால் தொடர்பு புரிகிறது. திரைவாசிப்பானுக்கு அவை இரண்டு தனித்தனிக் கட்டங்கள். 'லேபிள்' உறுப்பை எழுதி, அதன் 'ஃபார்' பண்பில் பெட்டியின் அடையாளமான 'ஐ.டி.'யைக் கொடுத்து இரண்டையும் இணைக்காவிட்டால், டேப் விசையை அழுத்திப் பெட்டிக்கு வருபவருக்கு அங்கே ஒரு காலிப் பெட்டி இருக்கிறது என்பது மட்டுமே கேட்கும். எதற்கான பெட்டி என்பது கேட்காது. அட்டவணை போட்டவர்களில் பலர் இந்த இணைப்பைக் கொடுக்காமல் விடுவதற்குக் காரணம், பக்கத்தில் வைத்ததே போதும் என்ற நினைப்புதான்.

இதைவிட மோசமானது, மேல் வரிசையில் லேபிள்களையும் கீழ் வரிசையில் பெட்டிகளையும் அடுக்குவது. மேலே 'மாவட்டம்', 'வட்டம்', 'அஞ்சல் குறியீடு'. கீழே மூன்று பெட்டிகள். எச்.டி.எம்.எல். எழுதப்பட்ட வரிசையிலேயே திரைவாசிப்பான் படிக்கும் என்பதால், முதலில் மூன்று பெயர்கள், பிறகு மூன்று பெட்டிகள் என்று கேட்கும். எது எதற்கு என்று கேட்பவர்தான் மனத்தில் கோக்க வேண்டும்.

தமிழில் படிவம் செய்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. அட்டவணையின் நெடுவரிசை, தன்னிடம் உள்ள மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. ஆங்கிலப் படிவத்தில் இது பெரும்பாலும் உறைக்காது. தமிழில் 'மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்' என்று ஒரு லேபிள் இருந்தால், 'மாற்றுத்திறனாளி' என்ற ஒரு சொல்லே அந்த நெடுவரிசையின் அகலத்தை நிர்ணயித்துவிடும். 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் அந்தச் சொல் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, எஞ்சிய இடத்தில் பெட்டி நசுங்கிக் கிடக்கும். பயனர் தட்டச்சு செய்யும் முகவரியில் நாலைந்து எழுத்துகள்தான் அவருக்கே தெரியும். சில நேரம் பெட்டி நசுங்காமல் திரைக்கு வெளியே போய்விடும்.

லேபிளைப் பெட்டிக்கு மேலே வைத்தால் இந்தச் சிக்கல் அங்கேயே தீர்கிறது. கண்ணுக்கும் அதுதான் எளிது. 2006இல் மத்தேயோ பென்சோ என்பவர் படிவம் நிரப்புபவர்களின் விழி அசைவைப் பதிவு செய்து ஆராய்ந்தார். லேபிள் இடப்பக்க விளிம்பை ஒட்டி நின்று பெட்டி தள்ளி இருந்தபோது, கண் லேபிளிலிருந்து பெட்டிக்குத் தாவ ஏறத்தாழ 500 மில்லிசெகண்ட் ஆனது. லேபிள் பெட்டிக்கு மேலே இருந்தபோது ஏறத்தாழ 50 மில்லிசெகண்ட்தான். அது சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டு நெடுவரிசை அட்டவணைப் படிவத்தை நிரப்பும்போது கண் எப்படி இங்கும் அங்கும் ஓடுகிறது என்பதை யாரும் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

ஆகவே விண்ணப்பம், பதிவு, முகவரி, உள்நுழைவு, புகார் போன்ற படிவங்களில் லேபிள் மேலே, பெட்டி கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பதே சரி. தொடர்புடைய பெட்டிகள் சிலவற்றைச் சேர்த்துக் காட்ட வேண்டுமென்றால் 'ஃபீல்ட்செட்' இருக்கிறது. அதற்குத் தலைப்பாக 'லெஜெண்ட்' இருக்கிறது. பழைய படிவம் ஒன்றை உடனே மாற்ற முடியாத நிலையில், அட்டவணைக்கு 'ரோல்' பண்பில் 'பிரசென்டேஷன்' என்று கொடுத்து, அது தோற்றத்துக்கு மட்டுமே என்று திரைவாசிப்பானுக்கு உணர்த்தி, ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிளை இணைத்துவிட்டால் பாதித் துன்பம் குறையும்.

இரண்டு பெயர்கள் தேவைப்படும் இடம்

இப்போது அட்டவணையின் சொந்த இடத்துக்கு வருவோம். இதை ஒரே எடுத்துக்காட்டில் விரிவாகப் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பு. ஒரு பிரிவில் 40 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். ஆக 200 பெட்டிகள். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே 'அருண் – தமிழ்', 'அருண் – ஆங்கிலம்' என்று லேபிள் போட்டால் ஆசிரியர் திரையை உருட்டியே ஓய்ந்துபோவார். ஒரு பாடத்தில் யார் யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று மேலிருந்து கீழே கண்ணை ஓட்டவும் முடியாது. இங்கே அட்டவணைதான் வேண்டும்.

அட்டவணைக்கு முதலில் 'கேப்ஷன்' கொடுங்கள்: 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள்'. பாடப் பெயர்கள் நெடுவரிசைத் தலைப்புகள். மாணவர் பெயர்கள் கிடைவரிசைத் தலைப்புகள். இரண்டையும் சாதாரணக் கட்டமான 'டி.டி.'யாக எழுதாமல் தலைப்புக் கட்டமான 'டி.எச்.' ஆக எழுத வேண்டும். பாடத்துக்கு 'ஸ்கோப்' பண்பில் 'கால்' (col), மாணவருக்கு 'ரோ' (row). எழுத்தைத் தடிமனாக்கிப் பின்னணி நிறம் கொடுத்தால் மட்டும் ஒரு கட்டம் தலைப்பாகிவிடாது.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் அடுத்து வருகிறது. தலைப்புக் கட்டங்களைச் சரியாக எழுதினாலும், உள்ளே இருக்கும் பெட்டிக்குத் தானாகப் பெயர் வந்துவிடாது. கட்டத்துக்குத் தலைப்பு உண்டு. கட்டத்துக்குள் இருக்கும் பெட்டி இன்னமும் பெயரற்றதுதான். 200 பெட்டிகளுக்கும் தனித்தனியே லேபிள் காட்ட இடமில்லை. இதற்கு 'ஏரியா-லேபிள்டுபை' (aria-labelledby) என்ற பண்பு இருக்கிறது. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களை இடைவெளி விட்டு எழுதலாம். 14ஆம் மாணவர் அருணின் பெயர்க் கட்டத்துக்கு ஓர் அடையாளம், 'அறிவியல்' தலைப்புக்கு ஓர் அடையாளம். பெட்டியில் இரண்டையும் குறிப்பிட்டால், அங்கே வரும்போது திரைவாசிப்பான் 'அருண் அறிவியல்' என்று சேர்த்துச் சொல்லும். முன்பு சொன்ன இரண்டு பெயர்கள் இப்படித்தான் பெட்டியில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயரைத் தனியாக எழுதி வைக்கும் 'ஏரியா-லேபிள்' முறையும் வேலை செய்யும். ஆனால் திரையில் தெரியும் தலைப்பை நாளைக்கு மாற்றினால் அது மாறாது. அதனால் முதல் வழியே எனக்குப் பிடித்தது.

பிறகு விசைப்பலகை. மதிப்பெண் பதிபவர் எக்செல் பழகியவராக இருப்பார். 72 என்று தட்டி என்டர் விசையை அழுத்தினால் கீழ்க் கட்டத்துக்குப் போகும் என்று அவர் கை நம்புகிறது. இணையப் படிவத்தில் எழுத்துப் பெட்டிக்குள் என்டர் அழுத்தினால் படிவம் சமர்ப்பிக்கப்பட்டுவிடும். ஒரே ஒரு மதிப்பெண்ணோடு பதிவேடு போய்விடும். இந்த அட்டவணைக்குள் மட்டும் என்டர் விசை கீழே நகர்த்தும்படி நிரல் எழுதி, அதை அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. டேப் விசையின் வழக்கமான போக்கை, அதாவது இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகச் செல்வதை, மாற்ற வேண்டாம்.

அதற்கும் முன்னால், பதிபவர் யார் என்று கேளுங்கள். அறிவியல் ஆசிரியர் அறிவியல் விடைத்தாள் கட்டோடுதான் உட்காருவார். அவருக்கு ஐந்து நெடுவரிசைகள் எதற்கு? வரிசை எண், பெயர், அறிவியல் மதிப்பெண் என்று மூன்றே நெடுவரிசைகள் அவருக்குப் போதும். தேவைப்பட்டால் அதை எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25 என்று இரண்டாகப் பிரிக்கலாம். ஐந்து பாடங்களும் கொண்ட முழு அட்டவணை வகுப்பாசிரியருக்கு. அவர் பார்க்கிறார், சரிபார்க்கிறார். அவருக்கு அதில் 200 பெட்டிகள் திறந்து கிடக்க வேண்டியதில்லை. எண்களை வெறும் எழுத்தாகக் காட்டி, ஒரு வரிசையைத் திருத்த விரும்பும்போது மட்டும் பெட்டிகளைத் திறந்தால் கை தவறி எதையோ மாற்றிவிடும் ஆபத்தும் இல்லை. படிவ அட்டவணைகளில் நான் காணும் சிரமங்களில் பெரும்பகுதி, பார்ப்பதற்கான திரையையும் பதிவதற்கான திரையையும் ஒன்றாக்கியதால் வருவதுதான்.

பெட்டியின் வகையையும் கவனிக்க வேண்டும். மதிப்பெண் என்றால் எண்தானே என்று 'நம்பர்' வகையைக் கொடுத்தால், பெட்டியில் நிற்கும்போது மேல், கீழ் அம்புக்குறி விசைகள் மதிப்பைக் கூட்டும், குறைக்கும். சில பிரவுசர்களில் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் மாறும். பக்கத்தை நகர்த்த நினைத்தவர் 72ஐ 71 ஆக்கிவிட்டு, அது தெரியாமலேயே போய்விடுவார். மதிப்பெண்ணில் இது சிறிய பிழை அல்ல; 35 எடுத்துத் தேறியவர் 34 ஆகிவிடுவார். பிரிட்டன் அரசின் இணைய வடிவமைப்புக் குழு 2020இல் இந்த வகையைக் கைவிட்டு, எழுத்துப் பெட்டியோடு 'இன்புட்மோட்' பண்பில் 'நியூமெரிக்' என்று கொடுக்கும் முறைக்கு மாறியது. கைபேசியில் எண் விசைப்பலகை வரும். உருட்டினால் எண் மாறாது. எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். பெட்டியின் அகலம் மூன்று இலக்கத்துக்குப் போதுமானதாக இருக்கட்டும். நீண்ட பெட்டி வேறு ஏதோ எழுத வேண்டுமோ என்று எண்ண வைக்கும். தேர்வுக்கு வராத மாணவருக்குச் சுழியம் போடும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். 'வரவில்லை' என்று குறிக்கத் தனி வழி வேண்டும். 'மொத்தம்' நெடுவரிசையில் பெட்டியே வேண்டாம். கணினி கணக்கிடுவதை வெறும் எழுத்தாகக் காட்டினால் போதும்.

ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே 'சேமி' பொத்தான் வைக்க நினைத்து, ஒவ்வொரு வரிசைக்குள்ளும் ஒரு 'ஃபார்ம்' உறுப்பை எழுதுகிறவர்கள் உண்டு. எச்.டி.எம்.எல். விதிப்படி, வரிசையைக் குறிக்கும் 'டி.ஆர்.' உறுப்புக்குள் நேரடியாக 'ஃபார்ம்' வரக்கூடாது. எழுதினால் பிரவுசர் பிழை காட்டாது. அந்த உறுப்பை அங்கேயே வெறுமையாக மூடிவிடும். பக்கம் முதலில் திறக்கும்போது எல்லாம் சரியாக இயங்குவது போலிருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் மூலம் புதிய வரிசை சேர்க்கும்போது பெட்டிகள் எந்தப் படிவத்தோடும் சேராமல் நிற்கும். மணிக்கணக்கில் தேடவைக்கும் பிழை இது. முழு அட்டவணையையும் ஒரே 'ஃபார்ம்' உறுப்புக்குள் வைத்துவிடலாம். அல்லது ஃபார்ம்களை அட்டவணைக்கு வெளியே எழுதி, ஒவ்வொரு பெட்டியிலும் 'ஃபார்ம்' பண்பின் மூலம் அது எதைச் சேர்ந்தது என்று குறிப்பிடலாம்.

பிழைச் செய்தியைக் குறுகிய கட்டத்துக்குள் திணித்தால் வரிசை வீங்கி அட்டவணை கோணலாகும். கட்டத்தில் சிவப்புக் கோட்டோடு ஒரு சிறு குறி போதும். விளக்கத்தை அட்டவணைக்கு மேலே தொகுத்து எழுதுங்கள்: 'அருண், அறிவியல்: 100க்கு மேல் இருக்கக்கூடாது'. அந்த வரியைச் சொடுக்கினால் நேராக அந்தப் பெட்டிக்குப் போக வேண்டும்.

ஒரே திரையில் இரண்டும்

கடைக்காரர் ஜி.எஸ்.டி. பில் போடும் திரையில் இரண்டு வகையும் சேர்ந்தே வருகின்றன. மேல் பகுதியில் வாடிக்கையாளர் பெயர், 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண், முகவரி, தேதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போதும் என்பதால் அட்டவணை வேண்டாம். கீழ்ப் பகுதியில் பொருள், அதன் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். குறியீடு, அளவு, விலை, வரி விகிதம், தொகை என்று ஒவ்வொரு பொருளுக்கும் அதே ஆறு விவரங்கள், அது அட்டவணை. மேலும் கீழும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டையும் அட்டவணைக்குள் அடைக்காதீர்கள்.

இங்கே ஒரு வேறுபாடு. மதிப்பெண் பதிவேட்டில் வரிசையின் பெயர் முன்பே இருக்கிறது. பில்லில் புதிய வரிசை சேர்க்கும்போது அது பெயரில்லாமல் பிறக்கிறது. பொருளின் பெயரையே பயனர் இனிமேல்தான் எழுதப்போகிறார். எனவே வரிசை எண்ணைத் தலைப்பாக்குங்கள். 'வரிசை 3, அளவு' என்று பெட்டிக்குப் பெயர் வரும். நீக்கும் பொத்தானும் அப்படித்தான். எட்டு வரிசைகளிலும் வெறும் 'நீக்கு' என்று இருந்தால், காதால் கேட்பவருக்கு எட்டும் ஒன்றுதான். 'வரிசை 3ஐ நீக்கு' என்பது பொத்தானின் பெயராக இருக்க வேண்டும். கண்ணுக்கு ஒரு சிறு குறி தெரிந்தால் போதும். நீக்கிய பிறகு விசைப்பலகைக் கவனம் பக்கத்தின் உச்சிக்கு ஓடிவிடாமல் அடுத்த வரிசையில் நிற்பதையும் நிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருத்துக் கணிப்புகளில் வரும் 'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'சற்றும் உடன்படவில்லை' வரையான வட்டப் பொத்தான் அட்டவணைகளும் இரண்டு பெயர் வகைதான். கணினித் திரையில் அவை சரி. கைபேசியில் ஐந்து தமிழ்த் தலைப்புகளும் நெருக்கி நின்று படிக்கவே முடியாது. கேள்விகள் ஐந்தாறுக்குள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி 'ஃபீல்ட்செட்' ஆகக் கேட்பதே மேல்.

கைபேசியில் அட்டவணை

பெரிய அட்டவணையைச் சிறிய திரையில் காட்டச் சுலபமான வழி, அதை மட்டும் பக்கவாட்டில் உருளும் ஒரு பெட்டிக்குள் வைத்து, பெயர் நெடுவரிசை நகராமல் ஒட்டி நிற்கும்படி செய்வது. அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 வழிகாட்டுதல், 320 பிக்சல் அகலத்திலும் பக்கம் பக்கவாட்டில் உருளாமல் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் இரு திசை அமைப்பு இன்றிப் பொருள்படாத தரவு அட்டவணைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கிறது. படிவத்தின் மற்றப் பகுதிகளுக்கு அந்த விலக்கு கிடையாது.

சிலர் சிறிய திரையில் ஒவ்வொரு வரிசையையும் தனி அட்டையாக மாற்றிக் காட்டுகிறார்கள். பில் திரைக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் சி.எஸ்.எஸ்.இல் 'டிஸ்ப்ளே' பண்பை மாற்றி இதைச் செய்யும்போது, பிரவுசர்கள் அதை அட்டவணை என்றே திரைவாசிப்பானுக்குச் சொல்லாமல் விட்டுவிட்ட வரலாறு உண்டு. பெட்டிக்குள்ளேயே முழுப் பெயரும் இருந்தால் அந்த நிலையிலும் பயனர் வழிதவற மாட்டார். அட்டையில் ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே நெடுவரிசைப் பெயரைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுத மறக்காதீர்கள்.

படிவத்தை வெளியிடுமுன் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் முழுப் படிவத்தையும் நிரப்பிப் பாருங்கள். பிறகு விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ.வை நிறுவி, கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறி விசைகளால் அட்டவணைக்குள் நகருங்கள். பக்கவாட்டில் நகரும்போது பாடத்தின் பெயரும், கீழே இறங்கும்போது மாணவரின் பெயரும் மாறி மாறிக் கேட்க வேண்டும். அடுத்து திரையைத் திருப்பிக்கொண்டு, டேப் அழுத்தி ஏதோ ஒரு பெட்டிக்குப் போய், காதில் விழுவதை மட்டும் வைத்து அது யாருடைய எந்த மதிப்பெண் என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால், அந்தப் பெட்டிக்கு இரண்டு பெயர்களில் எது விடுபட்டிருக்கிறது என்று நிரலில் தேட வேண்டும்.